நோய்க்கு இட்ட பெயர்

சொற்கள் வரலாற்றைச் சுமந்து வருவன. பறங்கிவியாதி, பறங்கிப்புண் என்னும் சொற்கள் நம் அகராதிகளில் உள்ளன. மருத்துவ உலகம் சிபிலிஸ் என்று கூறும் பால்வினை நோயையே அவை குறிக்கும். கிரந்தி, மேகநோய் என்ற பெயர்களும் வழங்கின. 1498இல் போர்த்துகீசியர் கள்ளிக்கோட்டையில் வந்திறங்கினர். 16ஆம் நூற்றாண்டில் பாவமிசிரர் இயற்றிய 'பாவப்பிரகாசம்' என்னும் வடமொழி மருத்துவ நூல் இதனைப் 'பிரங்க ரோகம்' என்று சுட்டியது. அந்நியன் கொணர்ந்த நோய் என்பதே இப்பெயர்களின் உட்பொருள்.

இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. 1495இல் நேப்பிள்ஸ் நகரில் இந்நோய் பரவியபோது, இத்தாலியர் அதனைப் பிரெஞ்சு நோய் என்றனர்; பிரெஞ்சுக்காரரோ நேப்பிள்ஸ் நோய் என்றனர். பழியை அயலான் தலையில் ஏற்றுவதில் எல்லா இனத்தாரும் ஒத்திருந்தனர் போலும்!

அயலானுக்கு அடுத்தபடியாகப் பழி சுமந்தவள் பெண். தமிழ்ப் பேச்சு வழக்கில் இது 'பொம்பளைச் சீக்கு' ஆயிற்று. மலாய் மொழியிலும் 'பெண் நோய்' என்னும் பொருள்படும் வழக்கு உண்டு. சட்டமும் அவ்வழியே சென்றது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1870இல் இயற்றப்பெற்ற தொற்றுநோய்ச் சட்டம், விலைமாதரைக் கட்டாய மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தியது. அவர்களை நாடிச் சென்ற ஆடவரை அது தொடவில்லை. 1888இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஒரு பாதியைச் சோதித்து மறுபாதியை விட்டுவிட்டால் நோய் எங்ஙனம் அடங்கும்?

இதே காலத்தை ஒட்டி, 1901இல் கிள்ளான் மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டுவித்து மலேரியாவைக் குறைத்தார். கொசுவைப் பற்றி ஊரறியப் பேச முடிந்தது. மேகநோயைப் பற்றியோ பேச நாக் கூசிற்று. நாணம் நோய்க்கு அரணாயிற்று.

அறிவியல் வந்து பழிச்சொற்களைப் பொய்யாக்கியது. 1905இல் ஷாடினும் ஹாஃப்மனும் பெர்லினில் இந்நோய்க் கிருமியைக் கண்டனர். 1906இல் வாசர்மன் இரத்தச் சோதனை முறையை வகுத்தார். சுருள் வடிவான அந்நுண்ணுயிர் இனம் அறியாது; ஆண் பெண் அறியாது. உடலுறவினால் தொற்றும், முதலில் வலியில்லாத புண்ணாகத் தோன்றித் தானே ஆறும். ஆறியதென்று மனிதன் ஏமாறுவான். பின்னர்த் தோலில் தடிப்புகள் எழுந்து மறையும். பல ஆண்டுகள் ஒளிந்திருந்து இதயத்தையும் மூளையையும் தாக்கவும் கூடும். நூற்றாண்டுக் கணக்கில் பாதரசமே மருந்தாயிருந்தது; அம்மருந்தும் நஞ்சே. 1943இல் பெனிசிலின் இந்நோயைத் தீர்க்கும் என்பதை அமெரிக்க மருத்துவர் மகோனி மெய்ப்பித்தார். தொடக்க நிலையில் ஓர் ஊசியே போதும் என்னும் காலம் பிறந்தது.

ஆயினும், பழியால் பெரிதும் வருந்தியது ஒரு பாவமும் அறியாத சிசுவே. கருவுற்ற தாயிடமிருந்து கிருமி சேயைச் சேரும். கருவிலேயே உயிரைப் பறிக்கும். அன்றேல் ஊனத்துடன் பிறக்கச் செய்யும். இதனைத் தடுக்கும் வழி எளியது: கருவுற்ற தொடக்கத்திலேயே இரத்தச் சோதனை, நோயிருப்பின் பெனிசிலின், கணவருக்கும் சிகிச்சை. தோட்டங்களாயிருந்து நகரமான ஷா ஆலம் முதல் நாட்டின் பல ஊர்களிலும் தாய்சேய் நல நிலையங்களில் இச்சோதனை இயல்பாயிற்று. அதன் பயனாக 2018 அக்டோபரில், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று மலேசியாவுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் இச்சிறப்பை முதலில் பெற்றது நம் நாடே. நோய் அடியோடு அற்றது என்பது இதன் பொருளன்று. வரையறுத்த அளவிற்குக் கீழ் அடக்கப்பட்டது என்பதே பொருள்.

நோய்முதலை ஆராய்ந்து தீர்க்கச் சொன்னவர் வள்ளுவர். நோயாளியைப் பழிக்கச் சொல்லவில்லை. அகராதியில் பறங்கிப்புண் என்னும் சொல் நிற்கட்டும், வரலாற்றுச் சான்றாக. வகுப்பறையில் அதற்குப் பொருள் சொல்லும் ஆசிரியர், பெயரின் பின்னே ஒளிந்த பழியையும் சேர்த்து விளக்குவாராக.