ஐந்தரைக் கட்டையும் குழாய் ஸ்பீக்கரும்

திருச்சி காந்தி மார்க்கெட் ராத்திரியில்தான் முழிச்சிருக்கும். லாரி ஹாரன், மூட்டை இறக்குகிறவர்களின் கூச்சல். பக்கத்தில் நிற்பவரிடமே கத்தித்தான் பேசணும். இந்த மாதிரி ஊரில், மைக் வராத காலத்தில், விடிய விடிய நடந்த நாடகம் கடைசி ஆள்வரை எப்படிக் கேட்டது?

பதில் தொண்டையில் இருந்தது. இதே திருச்சியில், எஃப்.ஜி. நடேச அய்யரின் நாடகக் குழுவில் லோகிதாசனாக மேடையேறிய சிறுவன்தான் பின்னாளில் எம்.கே. தியாகராஜ பாகவதர். அந்தத் தலைமுறைக்கு அளவுகோல் ‘கட்டை’. ஐந்தரைக் கட்டை என்றால் ஹார்மோனியத்தில் ஐந்தாவது வெள்ளைக் கட்டைக்கு அடுத்த கறுப்பு. ஆண்குரல் அதைச் சுருதியாக வைத்து அதற்கும் மேலே போய்ப் பாடணும். சாதாரணத் தொண்டை கட்டிக்கொள்ளும். கிட்டப்பா 1933இல், 27 வயதில் இறந்தார். இன்றும் அந்தக் குரலைப் பற்றித்தான் பேசுகிறோம்.

குரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த ஸ்பெஷல் நாடகம் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இன்றும் நடக்கிறது. அதில் ஹார்மோனியம், மிருதங்கத்தோடு ‘ஆல்ரவுண்ட்’ என்று ஒருவர் இருப்பார். பபூன் வழுக்கினால் ஒரு தட்டு, ராஜா நடந்தால் ஒரு அதிர்வு, எல்லாம் அவர் கை. ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. நடிகர்கள் தனித்தனியாக புக் ஆகி அன்றைக்குத்தான் சந்திப்பார்கள். நடிகரின் காலைப் பார்த்தே இவர் அடிக்கணும். என்னைக் கேட்டால் நம்முடைய முதல் சவுண்ட் டிசைனர் இவர்தான்.

மைக் வந்தப்புறம் கட்டை இறங்கியது. மெல்லிய குரலுக்கும் மேடை கிடைத்தது, நல்லதுதான். ஆனால் நடிகர் மைக்கை விட்டு நகர முடியாமல் போனது. காதலர்கள்கூட ஒருவரை ஒருவர் பார்க்காமல் மைக்கைப் பார்த்துக் கொஞ்சினார்கள்! யார் குரல் ஏறணும், எது இறங்கணும் என்பது இப்போது ஆம்பிளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்த சவுண்ட் சர்வீஸ்காரர் கையில். நோட்டீஸில் கடைப் பெயர் வரும். ராத்திரி முழுக்கக் கண்விழித்த பையனின் பெயர் வராது.

2000இல் வந்த ஒலி மாசு விதிகள் ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்றன. மாநில அரசு விரும்பினால் திருவிழாக்களுக்கு வருடத்தில் 15 நாள், அதுவும் நள்ளிரவு வரை, தளர்த்தலாம். ஸ்பெஷல் நாடகம் தொடங்குவதே 10 மணிக்கு. தூங்குகிறவர்களுக்கும் உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வள்ளி திருமணம் நடக்கிற ஊரில் போலீஸ் வந்து நின்றால் முதலில் பதில் சொல்வது முருகனாக நடிப்பவர் இல்லை, சவுண்டுக்காரர்தான். பறிபோவதும் அவருடைய செட்டுதான்.