ஃப்ளோட்டை அடக்கும் முறையும் தமிழ்ப் பக்கமும்: வன்னியின் மும்மொழித் தளங்களை முன்வைத்து

படம் ஒன்றுக்கு சிஎஸ்எஸ்ஸில் ஃப்ளோட் கொடுத்தால் அது ஓரமாக ஒதுங்கும். எழுத்து அதைச் சுற்றி ஓடும். தாய்ப்பெட்டியோ தன் உயரத்தைக் கணக்கிடும்போது அந்தப் படத்தைச் சேர்த்துக்கொள்ளாது. பெட்டிக்குள் படம் மட்டுமே இருந்தால் உயரம் பூச்சியமாகும். பின்னணி நிறம் காணாமற்போகும், அடுத்த பகுதி மேலேறி வந்து படத்தின் அருகில் ஒட்டிக்கொள்ளும். இதை உலாவியின் வழு என்று சொல்லிக்கொடுப்போரும் உண்டு. உண்மையில் இது திட்டமிட்ட ஏற்பாடு: நீளமான படம் தன் பந்தியைத் தாண்டி அடுத்த பந்திக்குள்ளும் இறங்க வேண்டுமே.

பக்கத்தின் பத்திகளையே ஃப்ளோட்டால் கட்டிய காலத்தில் இந்த ஏற்பாடு பெருந்தொல்லையானது. 2004 அளவில் ஃப்ளோட்டைத் தாய்ப்பெட்டிக்குள் அடக்கும் கிளியர்ஃபிக்ஸ் என்ற உத்தி பரவியது. 2011இல் நிக்கலஸ் கல்லகர் அதைச் சுருக்கினார். ஓவர்ஃப்ளோ ஹிடன் என்று ஒரு வரி எழுதினாலும் பெட்டி படத்தை உள்ளடக்கிவிடும் என்பதால் பலர் அந்தக் குறுக்குவழியையே பிடித்துக்கொண்டார்கள். உயரத்தை இத்தனை பிக்சல் என்று அடித்து வைத்தவர்களும் இருக்கிறார்கள்.

ஆங்கிலப் பக்கத்தில் இவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு தெரியாது. வட இலங்கையின் வன்னியில் தெரியும். இலங்கையின் அரச தளங்கள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகளில் இயங்குபவை. ஒரே வார்ப்புருவில் மூன்று மொழிகளையும் ஊற்றும்போது, ஆங்கிலத்தை வைத்து அளந்த உயரத்துக்குள் தமிழ்ப் பந்தி அடங்குமென்ற உத்தரவாதமில்லை.

அகலமும் சிக்கலே. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் தனியாகவும் இடைச்சொல் தனியாகவும் நிற்க, தமிழில் உருபு பெயரோடு ஒட்டிவிடுகிறது. ‘புதுக்குடியிருப்பிலிருந்து’, ‘கரைத்துறைப்பற்றுக்கு’ ஆகியவை ஒவ்வொன்றும் ஒரே சொல். உலாவி தானாக அவற்றை நடுவில் முறிக்காது. 360 பிக்சல் அகலக் கைத்தொலைபேசியில் 200 பிக்சல் படம் ஒதுங்கி நின்றால், மிஞ்சிய இடத்தில் கொள்ளாத சொல் படத்துக்குக் கீழே இறங்கிவிடும், பக்கத்தில் வெற்றிடம். குறுகிய கட்டத்துக்குள்ளோ, இறங்கவும் இடமில்லாமல் அது விளிம்பைத் தாண்டும். அங்கே ஓவர்ஃப்ளோ ஹிடன் இருந்தால் சொல்லின் வால் வெட்டுப்படும். ‘புதுக்குடியிருப்பிலிருந்து’ என்ற சொல்லில் ‘இருந்து’ போனால், அங்கிருந்தா அங்கேயா என்பதே தெரியாது. பேருந்து நேரமோ நிவாரண அறிவித்தலோ என்றால் இதை அழகுக்குறை என்று ஒதுக்கமுடியுமா?

ஃப்ளெக்ஸ்பாக்ஸ், கிரிட் ஆகிய தளவமைப்பு முறைகள் வந்தபின் ஃப்ளோட்டைப் பற்றி ஏன் பேச்சு என்று கேட்கலாம். பத்தி கட்ட அது தேவையில்லைதான். படத்தைச் சுற்றி எழுத்து ஓட வேண்டுமானால் இன்றும் ஃப்ளோட்தான்.

அதை அடக்க, 2017இல் ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் 2019இல் சஃபாரியும் ஏற்ற ‘டிஸ்ப்ளே: ஃப்ளோ-ரூட்’ போதும். உயரம் உள்ளடக்கத்தோடு வளரும், எதுவும் வெட்டுப்படாது. நீண்ட சொல்லை முறிக்க ‘ஓவர்ஃப்ளோ-ராப்’ தனியே வேண்டும். வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கிளிநொச்சி அறிவியல்நகர் வளாகத்திலும் வலை வடிவமைப்புக் கற்பிப்போர் மாதிரிப் பக்கத்தைத் தமிழில் நிரப்பிச் சோதித்த பிறகே மாணவருக்குப் புள்ளியிட வேண்டும்.