சிற்றாற்று அணைகளும் அவற்றின் பாதுகாப்பும்

ஆற்றை மறித்து நீரைத் தேக்குதல் மாந்தர் கற்ற பழந்தொழில்களுள் ஒன்றாகும். பேராறுகளின் குறுக்கே எழுந்த பேரணைகளைப் பற்றி வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. சிற்றாறுகளின் தலைப்பில், மலையிடுக்குகளிலே, சில ஆலைகளுக்கோ ஒரு நகரத்துக்கோ நீர் வழங்கும்பொருட்டு எழுப்பப்பட்ட அணைகளைப் பற்றி அவை பெரும்பாலும் வாளாவிருக்கின்றன. அத்தகைய அணை நிற்குங்காறும் அதனை நினைப்பார் இலர்; அது உடைந்த பின்னரே அதன் பெயரை உலகம் அறிகின்றது. ஓர் அணை பாதுகாப்பானதா என்பதை யார் தீர்மானிப்பது, எவ்வாறு தீர்மானிப்பது என்னும் வினாவுக்குச் சட்டத்தின் வாயிலாக விடை காண்பதற்குப் பிரித்தானியாவில் ஏறக்குறைய 80 ஆண்டுகள் சென்றன. அவ்விடை பெறப்பட்ட வரலாறு நோக்கற்பாலது.

கைத்தொழிற் புரட்சியின் விளைவாக இங்கிலாந்தின் யோக்சயர்ப் பகுதியிலே சிற்றாறுகள்தோறும் ஆலைகள் பெருகின. மழை குன்றிய காலத்தில் ஆறு மெலிய, ஆலைகளின் நீர்ச்சில்லுகள் ஓய்ந்தன. இக்குறையை நீக்கும்பொருட்டு ஹோம் ஆற்றுப் பள்ளத்தாக்கிலே நீர்த்தேக்கங்கள் அமைக்கப் பாராளுமன்றம் 1837ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட ஆணையாளர்களின் பொறுப்பில் எழுந்ததே பில்பெரி அணை. அது நடுவிற் களிமண் சுவரும் இருபுறமும் மண்ணும் கொண்ட கட்டு. அத்திவாரம் தோண்டியபோதே அங்கு ஓர் ஊற்று வெளிப்பட்டது. அது முற்றாக அடைக்கப்படவில்லை. நாளடைவில் மண் அரிப்புண்டு கட்டு தாழ்ந்தது. மிகைநீர் வழிந்து செல்லும்பொருட்டுக் கட்டப்பட்டிருந்த கிணற்றின் வாயோ தன் பழைய மட்டத்திலேயே இருந்தது. ஆகவே நீர் வெளியேற வேண்டிய வழி உயர்ந்தும், நீரைத் தடுக்க வேண்டிய கட்டு தாழ்ந்தும் நின்றன. கிணற்றின் வாயைச் சற்றுத் தாழ்த்தியிருப்பின் இடர் நீங்கியிருக்கும். அதற்கு வேண்டிய பணம் சிறிதே; ஆயினும் கடன்பட்டிருந்த ஆணையாளர்கள் அதனைச் செய்திலர். 1852ஆம் ஆண்டு பெப்புருவரி 5ஆம் நாள் நள்ளிரவு கடந்தபின், பெருமழையால் நிறைந்த நீர் கட்டின் மேலாக வழிந்து அதனைத் தகர்த்தது. 81 பேர் மாண்டனர். மரண விசாரணையில் அமர்ந்த ஜூரிமார் ஆணையாளர்களின் கவனக்குறைவைக் கடுமையாகக் கண்டித்தனர். ஆயினும் அவர்கள் ஒரு கூட்டவையாக இருந்தமையால் அவர்களைக் குற்றவாளிகளாக நிறுத்தச் சட்டத்தில் இடம் இருக்கவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின், அதே யோக்சயரில், செபீல்ட் நகருக்கு ஏறக்குறைய 8 மைல் மேலே, லொக்ஸ்லி ஆற்றுப் பள்ளத்தாக்கில் டேல் டைக் அணை உடைந்தது. ஏறக்குறைய 95 அடி உயரமுள்ள அம்மண்ணணையைச் செபீல்ட் நீர் வழங்கற் கம்பனி கட்டியிருந்தது. தேக்கம் முதன்முறையாக நிரம்பிக்கொண்டிருந்த 1864ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் மாலையில், அவ்வழியே சென்ற தொழிலாளி ஒருவர் கட்டின் வெளிச்சரிவிலே நீண்ட வெடிப்பைக் கண்டார். செய்தி அறிந்து பொறுப்பான பொறியியலாளர் ஜோன் கன்சன் இரவிலே விரைந்து வந்தார். நீர்மட்டத்தைக் குறைக்கக் கருதி வான்கட்டை வெடிமருந்திட்டுத் தகர்க்க முயன்றனர், முயற்சி பலிக்கவில்லை. இரவு பதினொன்றரை மணியளவில் கட்டு உடைந்தது. உறக்கத்தில் இருந்தோர் உட்பட ஏறக்குறைய 240 பேர் உயிரிழந்தனர்.

உடைப்பின் காரணத்தையிட்டு அறிஞர் மாறுபட்டனர். கட்டின் அடியிற் புதைக்கப்பட்டிருந்த நீர்க்குழாய்களை அரசாங்கப் பொறியியலாளர் றொபேட் றோலின்சன் குறைகூறினார். நிலச்சரிவே காரணம் எனக் கம்பனியின் சார்பில் நின்ற பொறியியலாளர் வாதித்தனர். 1978ஆம் ஆண்டில் ஜெப்றி பின்னி என்னும் பொறியியலாளர் இதனை மீளாராய்ந்து, களிமண் மையச்சுவரினூடாக நீர் புகுந்து உள்ளிருந்தே அரித்தமை காரணமாகலாம் எனக் காட்டினார். காரணம் எதுவாயினும், ஜூரிமார் அன்று கூறிய முடிபு தெளிவானது: இத்தகைய வேலைகளை அரசாங்கம் ஒழுங்காகவும் அடிக்கடியும் சோதித்தல் வேண்டும், அதற்குச் சட்டம் வேண்டும் என்பதே அது. அம்முடிபு 66 ஆண்டுகள் நிறைவேறாது கிடந்தது.

1925ஆம் ஆண்டு அந்த உறக்கத்தைக் கலைத்தது. அவ்வாண்டு ஏப்பிரிலில் ஸ்கொத்துலாந்தின் ஸ்கெல்மோலியில் ஒரு சிறு தேக்கம் உடைந்து 5 பேர் மாண்டனர். நவெம்பர் 2ஆம் நாள் வேல்சு நாட்டில் எய்கியாவு அணையின் ஆழமற்ற அத்திவாரத்தின் கீழ் நீர் துளைத்துப் பாய்ந்தது. அவ்வெள்ளம் கீழேயிருந்த கோயிட்டி அணையையும் தகர்த்து, டொல்கரொக் என்னும் ஊரின்மேல் விழுந்து 16 பேரைக் கொன்றது. இவற்றின் பின்னரே 1930ஆம் ஆண்டின் நீர்த்தேக்கப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 50 இலட்சம் கலனுக்கு மேற்பட்ட நீர் கொள்ளும் தேக்கங்களைத் தகுதிபெற்ற பொறியியலாளரே அமைத்தல் வேண்டும் என்றும், பத்தாண்டுக்கு ஒருமுறையாயினும் உரிமையாளரைச் சாராத பொறியியலாளர் ஒருவர் அவற்றைச் சோதித்தல் வேண்டும் என்றும் அது விதித்தது. 1975ஆம் ஆண்டின் சட்டம், இரு சோதனைகளுக்கு இடைப்பட்ட காலத்திலும் ஒரு பொறியியலாளர் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் எனச் சேர்த்தது.

அத்தகைய சோதனையாளர் நோக்குவன யாவை? முதலாவது வான். வரக்கூடிய மிகப்பெரிய வெள்ளத்தை வான் கடத்திவிடுமா என்பது கணிக்கப்படும். மண்ணணையின் மேலாக நீர் வழிதல் அதற்குச் சாவாகும். இரண்டாவது கட்டின் உச்சி. மட்டக்கருவி கொண்டு அளந்து, அது தாழ்ந்துள்ளதா என அறிவர். பில்பெரி அழிந்தது இவ்வளவு எளிய அளவையைப் பொருட்படுத்தாமையாலேயே. மூன்றாவது கசிவு. எந்த மண்ணணையும் சிறிது கசியும். கசியும் நீர் தெளிவாகவும் அளவு மாறாமலும் இருப்பின் அச்சமில்லை. அது பெருகினாலோ கலங்கினாலோ கட்டின் உள்மண் வெளியேறுகின்றது என்பது பொருள். நான்காவது துருசு. கட்டை ஊடறுத்துச் செல்லும் எந்த வழியும் நீர் பற்றிக்கொள்ளும் வலுவற்ற இடமாகும். இலங்கையின் பண்டைக் குளங்களிற் காணப்படும் பிசோக்கொட்டுவ என்னும் சதுரக் கிணறு துருசின் நீர்ப்போக்கை அடக்கியாள அமைந்தது என்பதை ஹென்றி பாக்கர் எடுத்துக்காட்டினார். அக்காலத்தார் இவ்விடரை அறிந்திருந்தனர் என்பதற்கு அது சான்று. இவற்றோடு வெடிப்பு, சரிவு, விலங்குகளின் வளை, மரவேர் என்பனவும் நோக்கப்படும். இறுதியாக, அணை உடைந்தால் கீழே யார் வாழ்கின்றனர் என்பதும் ஆராயப்படும். சிறிய அணையாயினும் அதன் அடியில் ஓர் ஊர் இருப்பின் அது பேரணைக்குரிய கவனத்தைப் பெறுதல் வேண்டும்.

சட்டம் இருப்பதனால் மட்டும் இடர் ஒழிந்துவிடவில்லை. 2019ஆம் ஆண்டு ஓகஸ்டு 1ஆம் நாள், வேலி பிறிட்ஜ் என்னும் ஊருக்கு மேலேயுள்ள டொட்புறூக் அணையின் வான்சரிவுக் கொங்கிறீற்றுப் பாளங்கள் வெள்ளத்திற் பெயர்ந்தன. முந்திய ஆண்டிலேயே அவ்வணை சோதிக்கப்பட்டிருந்தது. வானின் அமைப்பிலிருந்த குறையும் பராமரிப்பின் ஒழுங்கின்மையும் காரணங்கள் எனப் பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர். ஆயினும் குறை உடன் காணப்பட்டது, ஏறக்குறைய 1,500 பேர் அகற்றப்பட்டனர், நீர் இறைத்துக் குறைக்கப்பட்டது, ஓருயிரும் போகவில்லை. டேல் டைக்கில் வெடிப்பைக் கண்டபின் ஊரை எழுப்புதற்கு எவ்வித ஏற்பாடும் இருக்கவில்லை என்பதை இதனோடு ஒப்புநோக்குதல் தகும்.

இலங்கையிலும் இப்பாடம் பெருவிலை கொடுத்தே கற்கப்பட்டது. பல நூற்றாண்டுகள் நின்ற கந்தளாய்க் குளத்தின் கட்டு 1986ஆம் ஆண்டு ஏப்பிரில் 20ஆம் நாள் இருள் புலராத வேளையில் உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பழமை பாதுகாப்புக்கு உறுதியாகாது என்பதை அது உணர்த்திற்று.

இவ்வரலாறுகளை ஒருங்குவைத்து நோக்கின் ஓருண்மை புலனாகும். பில்பெரியின் கட்டு தாழ்ந்ததைப் பலர் கண்டனர். கண்டதை நிறைவேற்றும் கடமை எவர்மேலும் சுமத்தப்படவில்லை. ஆகவே அக்காலத்திற் பெரிதும் குறைவுபட்டது அறிவன்று, பொறுப்பேயாகும். பாதுகாப்பு என்பது கட்டி முடித்த அன்றே அணைக்கு வாய்த்துவிடும் பண்பன்று. ஆண்டுதோறும் சென்று பார்த்தும், அளந்தும், கண்ட குறையை உரியவர் தாமதியாது திருத்தியும் வருமளவே அது நிலைக்கும். சிற்றாற்றின் கரையில் அமைதியாக உறங்கும் ஊர்களின் உயிர் அத்தொடர்ந்த காவலிலேயே தங்கியிருக்கின்றது.