துவக்கு வந்த வழி

ஹட்டனில் ஒன்பதாம் தர வகுப்பு. 'துவக்கு' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். "சேர், துவக்குன்னா ஆரம்பிக்கிறதுதானே? அத ஏன் துப்பாக்கிக்கு வச்சாங்க?" என்றான் ஒரு மாணவன். தேயிலை மலைக்கு மேலே விறகுக்குப் போன அவனுடைய அப்பாவின் காலில் கட்டுத்துவக்கு வெடித்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை.

துருக்கியில் துஃபெக், பாரசீகத்தில் துஃபங். நம் துவக்கும் தமிழகத்துத் துப்பாக்கியும் சிங்களத்துத் துவக்குவவும் அந்தக் குடும்பந்தான். சொல் முஸ்லிம் உலகிலிருந்து வந்தது. சீதாவக்கை மாயாதுன்னைக்கு உதவ கோழிக்கோட்டுச் சாமூதிரி அனுப்பிய கடற்படையை நடத்தியவர்களும் மரைக்காயர்களே. 1538இல் வேதாளையில் போர்த்துக்கேயர் அதை அழித்தார்கள். இதையெல்லாம் நாம் பெருமையாகப் பேசுகிறோம், பேசலாம். ஆனால் இலங்கைத் துவக்கின் பெருமை கொல்லனுடையது.

போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் கோத்தோ சொல்வதைப் பாருங்கள்: தம்மவர் வந்தபோது இத்தீவில் ஒரு துவக்குக்கூட இல்லையாம், பிறகு 20,000க்கு மேலாம், அதுவும் தங்களுடையதைவிடத் திறமானவையாம். முதற்பாதி கொஞ்சம் மிகை என்றே நினைக்கிறேன். மறுபாதி எதிரியே கொடுத்த நற்சான்று. இடப்பக்கத்தில் பூட்டு, பிளவுபட்ட அடிக்கட்டை, தந்தமும் வெள்ளியும் பதித்த வேலை: பார்த்தவுடன் இது இலங்கைத் துவக்கு என்று சொல்லிவிடலாம். 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டார்கள். நெதர்லாந்து 2023 டிசம்பரில் திருப்பித் தந்த ஆறு பொருட்களில் லெவ்கேயின் பீரங்கியோடு இரண்டு துவக்குகளும் உண்டு.

1815இல் கண்டி விழுந்தது. துவக்குக் கேட்ட அரசன் போனான். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டம் வந்தபின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் செய்வதும் வைத்திருப்பதும் குற்றம். ஆனாலும் வேலை நிற்கவில்லை, வீட்டுப் பின்புறத்துக்குப் போனது. 'கல்கட்டாஸ்' என்று செய்திகளில் வருவது அதுதான். தந்தமும் இல்லை, வெள்ளியும் இல்லை. காட்டுப்பன்றிக்கென்று கட்டிவைக்கும் துவக்குக்குக் குறிபார்க்க ஆளும் இல்லை; பன்றியோ சிறுத்தையோ விறகு பொறுக்கும் மனிதனோ, யார் கால் பட்டாலும் அதற்கு ஒன்றுதான்.

துருக்கிக் கதையை அவனுக்குச் சொன்னேன். "அப்போ அது நம்ம சொல் இல்லியா சேர்?"

"இல்ல."

கொஞ்ச நேரம் யோசித்தான். "கட்டுத்துவக்குல 'கட்டு'ன்னு இருக்கே, அது?"

அது தமிழ்தான் என்றேன்.