கம்ப்யூட்டர் கேபினெட்டில் கண்ணாடி ஜன்னல்: வீட்டிலேயே வைக்கலாமா? வெட்டுவதற்கு முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

உள்ளே கலர் கலராக லைட் எரியும் கம்ப்யூட்டரை ரீல்ஸில் பார்த்ததும், "நம்ம பழைய பெட்டியிலும் இப்படி ஒரு ஜன்னல் வச்சா என்ன?" என்று பலருக்கும் தோன்றும். சென்னை ரிச்சி தெரு வரை போய்ப் புது கேபினெட் வாங்கத் தேவையில்லை. புதுச்சேரியின் நெட்டப்பாக்கம் கொம்யூனில் இருக்கும் மடுகரை போன்ற ஊரிலிருந்தும் இதைச் செய்துவிடலாம். ஆனால் வீட்டில் இருப்பதே ஒரே ஒரு கம்ப்யூட்டர் என்றால், சின்ன அவசரம் மதர்போர்டையே காலி பண்ணிவிடும். என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

கேபினெட் என்றால் என்ன?

நாம் பேச்சுவழக்கில் 'சி.பி.யூ' என்று சொல்லும் பெட்டியின் சரியான பெயர் கேபினெட். அதன் பக்கவாட்டு மூடி மெல்லிய இரும்புத் தகடு. 1998-ல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐமேக், உள்ளே இருப்பது மங்கலாகத் தெரியும் பிளாஸ்டிக் உடலோடு வந்தது. அதே காலகட்டத்தில்தான் கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் இரும்பு மூடியை வெட்டி ஜன்னல் வைக்கத் தொடங்கினார்கள். இப்போது கண்ணாடி மூடியோடு கேபினெட்டுகள் கடையிலேயே கிடைக்கின்றன.

கண்ணாடியா, அக்ரிலிக்கா?

வீட்டு ஜன்னல் கண்ணாடி வேண்டவே வேண்டாம். உடைந்தால் கத்தி போல் கிழிக்கும். டெம்பர்டு கண்ணாடி பலமானதுதான், ஆனால் தயாரித்த பிறகு அதை வெட்டவோ துளை போடவோ முடியாது. முயற்சி செய்தால் மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும்.

வீட்டில் செய்ய ஏற்றது 3 மி.மீ அக்ரிலிக் ஷீட். நேம் போர்டு, சைன் போர்டு செய்யும் கடைகளில் கிடைக்கும். லேசர் மெஷின் உள்ள கடை என்றால் அளவைக் கொடுத்தால் போதும், ஓரம் வழவழப்பாக வெட்டிக் கொடுப்பார்கள். பாலிகார்பனேட் இன்னும் உறுதியானது, ஆனால் சீக்கிரம் கீறல் விழும்.

எந்தப் பக்கம் வெட்டணும்?

பெரும்பாலான கேபினெட்டுகளில், முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போது இடதுகைப் பக்க மூடியைத் திறந்தால்தான் பாகங்கள் தெரியும். வலப்பக்கம் மதர்போர்டின் முதுகு. அதை வெட்டிப் பிரயோஜனம் இல்லை.

இன்னொரு விஷயம், பிராசஸர் மேல் இருக்கும் கூலரின் உயரம். ஷீட்டை உள்பக்கமாகப் பொருத்தினால் 3 மி.மீ இடம் போகும், நட்டு வைத்தால் அதுவும் சேரும். கூலர் இடிக்குமா என்று முதலிலேயே அளந்துவிடுங்கள். மூடியில் காற்றுத் துளைகள் இருந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு ஜன்னலைத் திட்டமிடுங்கள்.

வெட்டுவது எப்படி?

1. கம்ப்யூட்டரை ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் தனியாக எடுங்கள். வெட்டும் வேலை கம்ப்யூட்டர் இருக்கும் அறையில் நடக்கக் கூடாது. திண்ணையோ தோட்டமோ நல்லது.

2. பேப்பரில் ஜன்னல் அளவை வெட்டி மூடி மேல் வைத்துப் பாருங்கள். மூடியின் ஓரங்களில் மடிப்பும் கொக்கிகளும் இருக்கும். அங்கிருந்து 5 செ.மீ தள்ளியே கோடு போடுங்கள்.

3. கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பெயின்ட் உரியாது. மூலைகளை வளைவாக வைத்துக்கொண்டால் வெட்டுவதும் சுலபம்.

4. மூடியின் கீழே பிளைவுட் பலகை வைத்து கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். மூலைகளில் டிரில் போட்டு, இரும்புக்கான நெருக்கமான பல் உள்ள பிளேடு மாட்டிய ஜிக்சாவால் மெதுவாக வெட்டுங்கள்.

5. ஓரத்தை அரத்தால் ராவி, கார் கதவு ஓரத்துக்குப் போடும் மாதிரியான ரப்பர் பீடிங்கைச் சொருகுங்கள். வெட்டிய ஓரம் கையைப் பதம் பார்க்கும்.

கண்ணுக்குக் கண்ணாடி, கையுறை, முகக்கவசம் மூன்றும் கட்டாயம். கிரில் பட்டறையில் கொடுத்து கிரைண்டரால் வெட்டலாமே என்று தோன்றலாம். அந்தச் சூட்டில் மெல்லிய தகடு நெளியவும் பெயின்ட் கருகவும் வாய்ப்பு அதிகம்.

ஷீட்டைப் பொருத்தும்போது...

ஷீட் ஜன்னலைவிட எல்லாப் பக்கமும் 2 செ.மீ பெரிதாக இருக்கட்டும். பாதுகாப்பு பிலிமைக் கடைசி வரை உரிக்க வேண்டாம். வீட்டிலேயே வெட்டினால் வேகம் குறைவாக வையுங்கள். சூடானால் அக்ரிலிக் உருகி பிளேடில் ஒட்டும்.

சுலபமான வழி, நல்ல தரமான டபுள் சைடு ஃபோம் டேப். இரண்டு பரப்பையும் துடைத்து, அழுத்தி ஒட்டி, ஒரு நாள் அப்படியே விடுங்கள். ஸ்க்ரூ போடுவதாக இருந்தால் ஷீட்டில் துளையை 1 மி.மீ பெரிதாகப் போட்டு, லேசாக மட்டும் முடுக்குங்கள். ஏன்? சூட்டில் அக்ரிலிக் இரும்பைவிடப் பல மடங்கு விரியும். 30 செ.மீ ஷீட், வெப்பம் 20 டிகிரி ஏறினால் சுமார் 0.4 மி.மீ நீளும். அதற்கு இடம் கொடுக்காவிட்டால் துளையிலிருந்து விரிசல் ஓடும்.

பெரிய ஆபத்து எது?

இரும்புத் தூள்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு மதர்போர்டில் விழுந்தாலும் ஷார்ட் சர்க்யூட் ஆகலாம். மூடியைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, காந்தத்தை ஓரங்களில் ஓட்டிப் பார்த்த பிறகே மாட்டுங்கள். கையும் சட்டையும்கூடச் சுத்தமாக இருக்கணும்.

இந்த வேலைக்கு எஸ்.எம்.பி.எஸ் எனப்படும் பவர் சப்ளை பெட்டியைத் திறக்க அவசியமே இல்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

கூலிங் கூடுமா?

கூடாது. ஜன்னல் அழகுக்கு மட்டும்தான். காற்று உள்ளே வரும், வெளியே போகும் வழியும் ஃபேனும்தான் சூட்டைக் குறைக்கும். இரும்பு மூடி ரேடியோ அலைகளையும் தடுக்கிறது. அதில் ஓட்டை போட்டால் பக்கத்தில் இருக்கும் ரேடியோவில் இரைச்சல் கேட்கலாம். கேபினெட்டுக்கு வாரண்டி இருந்தால், வெட்டிய பிறகு அதை எதிர்பார்க்க முடியாது.

பராமரிப்பு எப்படி?

காய்ந்த துணியால் தேய்த்தால் அக்ரிலிக்கில் ஸ்டாட்டிக் உருவாகி, இன்னும் அதிகத் தூசியை இழுக்கும். மூடியைக் கழற்றி, லேசான சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடையுங்கள். தின்னர், ஸ்பிரிட், அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் பட்டால் ஷீட்டில் நுண்ணிய விரிசல் விழும்.

முடிவாக, வெட்டு கோணலாகப் போய்விட்டால் "மூடி இல்லாமலே ஓட்டிக்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். வயல் சூழ்ந்த ஊர்களில் தூசி மட்டுமல்ல, பல்லியும் எலியும்கூடத் திறந்த பெட்டிக்குள் குடியேறும். அதனால், சர்வீஸ் கடையில் கழித்துப்போட்ட பழைய கேபினெட் மூடி ஒன்று கிடைத்தால், முதல் வெட்டை அதில் போட்டுப் பழகுங்கள். கை பழகிய பிறகு உங்கள் கம்ப்யூட்டரின் மூடியைத் தொட்டால் போதும்.