லயத்து வீட்டின் மூத்தவர்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தலைநகராகிய சிரம்பானிலிருந்து கோலப்பிலாவுக்குச் செல்லும் சாலையில், புக்கிட் புத்துஸ் கணவாயை எட்டுவதற்கு முன் அமைந்த ஊர் பாரோய். இன்று அது வீடமைப்புப் பகுதிகளும் கடைவரிசைகளும் நிறைந்த புறநகர். 1992இல் திறக்கப்பெற்ற துவாங்கு அப்துல் ரஹ்மான் விளையாட்டரங்கத்தால் நாடறிந்த பெயர். ஆயினும் சிரம்பானைச் சூழ்ந்த வட்டாரங்கள் ஒரு காலத்தில் கித்தாக் காடுகளாகவே விளங்கின. அக்காடுகளில் உழைத்து மூப்பெய்திய குடும்பத் தலைவர்கள் தங்களைப் பற்றி ஏதும் எழுதி வைத்தாரில்லை. செக்ரோலில் ஒரு பெயரும், அதற்கெதிரே நாட்கூலியுமாக அவர்தம் வாழ்வு குறிக்கப்பெற்றது. அந்த ஏடுகளும் இன்று எளிதில் கிடைப்பனவல்ல.

குடும்பத் தலைவர் என்றவுடன், முன்னோர் விட்டுச் சென்ற வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் தமிழகத்துப் பெரியவரே நம் நினைவுக்கு வருவார். மலாயாத் தோட்டங்களில் தொடக்கத்தில் அத்தகையவர் அரியவர். கப்பலேறி வந்தவருள் பெரும்பாலோர் தனியாட்கள். 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், மலாயா இந்தியருள் 1,000 ஆடவருக்கு ஏறத்தாழ 400 பெண்டிரே இருந்தனர்; 1947இல்தான் அவ்வெண் 600ஐக் கடந்தது. குடும்பம் என்பதே இங்கு மெல்ல மெல்ல ஈட்டப்பெற்ற ஒரு பொருள். அதனைக் கட்டியவரே அதன் தலைவரும் ஆனார்.

1907இல் ஏற்படுத்தப்பெற்ற தமிழர் குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வரி பெற்றுத் தொழிலாளரின் கப்பற் செலவை ஏற்றது. கங்காணி தம் ஊருக்கே சென்று உற்றார் உறவினரைத் திரட்டினார். அவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கை அடைந்து, புலாவ் ஜெரெஜாக் தீவின் நோய்த் தடுப்பு முகாமில் தங்கியபின் தோட்டங்களுக்கு அனுப்பப்பெற்றனர். தோட்டத்தில் முதலில் மூத்தவராக மதிக்கப்பெற்றவர் இந்தக் கங்காணிதான். தம் ஆட்கள் வேலைக்கு வந்த நாட்களின் கணக்குப்படி அவருக்குத் தலைக்காசு உண்டு. அவரை மக்கள் பணிந்தது உறவினாலா, அச்சத்தினாலா என்பது எளிதில் விடை கூறத்தக்க வினாவன்று.

இருள் பிரியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். கணவன் ஒரு நிரை, மனைவி ஒரு நிரை, மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் பிள்ளைகள், கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில். 1920களின் இறுதியில் நிர்ணயிக்கப்பெற்ற கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒருவர் கூலியில் ஒரு குடும்பம் உண்ண இயலாது என்பதை அந்தக் கணக்கே காட்டும். 1930இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைந்தது. இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தாயகம் திருப்பி அனுப்பப்பெற்றனர். 1938இல் இந்திய அரசு, உதவி பெற்றுத் தொழிலாளர் வெளியேறுவதைத் தடை செய்தது. கங்காணி வழி வந்த வரவு அத்துடன் நின்றது. இங்கிருந்தவர் இங்கேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தனர்.

அவ்வாறு தழைத்த குடும்பங்களைத்தான் ஜப்பானியர் ஆட்சி சிதைத்தது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா இரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் பாதை இணைக்கப்பட்டது. போனவருள் மிகப் பலர் திரும்பவில்லை. தம்பி போன வீட்டில் தமையனே தந்தையானார். தம் பிள்ளைகள் நால்வருடன் தம்பி மக்கள் இருவரையும் சேர்த்து, ஒரே சோற்றுப் பானையில் கஞ்சி காய்ச்சிப் பகிர்ந்தளித்த பெரியப்பாக்கள் வரலாற்று நூல்களில் இடம்பெறாதவர்கள்.

போருக்குப்பின் காலம் சற்றே திரும்பிற்று. 1951இல் ஊழியர் சேமநிதி வந்தது. 1954இல் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியச் சங்கமாயின. நெகிரி செம்பிலானில் சங்கப் பணி தொடங்கிய பி. பி. நாராயணன் அதனை நெடுங்காலம் நடத்தினார். கூலி உயர்ந்தது, உண்மையே. ஆனால் குடும்பத் தலைவரின் பெருங்கவலை கூலியன்று, கூரை.

லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை செய்பவருக்கே வீடு. ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றவர், செக்ரோலில் மகன் பெயரோ மருமகள் பெயரோ இருக்கும் வரையில்தான் அங்கே தங்க முடியும். முப்பதாண்டு பால் வெட்டியவர், தாம் பெற்ற பிள்ளையின் பெயரில் குடியிருப்பவராக மாறினார். அன்றாடம் கிராணியின் ஏட்டில் அப்பெயர் விழுந்தால்தான் முதியவருக்கு நிழல் உண்டு.

இதிலுள்ள இக்கட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தொடக்கக் கல்வி மட்டுமே. மேலே படிக்கச் சிரம்பானுக்குப் பேருந்தில் செல்ல வேண்டும். கட்டணம், சீருடை, பேருந்துக் காசு. மகன் படித்து வெளியேறினால் குடும்பம் உயரும். ஆனால் தந்தையின் கூரை ஆடும். மகன் பால் வாளியை எடுத்தால் கூரை நிற்கும், தலைமுறை நிற்காது. ஒரு பிள்ளையைத் தோட்டத்தில் நிறுத்தி மற்றொரு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய குடும்பங்கள் பல. பெரும்பாலும் நின்றவர் மூத்த மகனோ மகளோ. அந்த மூத்த பிள்ளையின் இழப்பைச் சேர்த்தே தந்தையின் தியாகத்தை எடைபோடுதல் முறை.

அதற்கிடையே வேறு இடர்களும் சூழ்ந்தன. 1957க்குப்பின் குடியுரிமையை ஊரிலிருந்து வந்தோர் விண்ணப்பித்தே பெற வேண்டியிருந்தது. எழுத்தறியாமையாலும், அடுத்த ஆண்டு ஊர் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தாலும் விட்டவர்கள் சிவப்பு அடையாள அட்டையுடன் நின்றனர். 1969 முதல் அவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. பல்லாயிரவர் இந்தியா சென்றனர். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களைத் தகரப் பெட்டியில் பொன்போல் காத்த தந்தை எத்துணை முன்னுணர்வுடையவர் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்ற நாட்களில், துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டத் தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தால் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பெற்றது. தாம் கண்டறியாத ஒரு மாநிலத்து மண்ணில் தமக்கும் பங்குண்டு என்று அந்தப் பங்குச் சான்றிதழும் தகரப் பெட்டிக்குள் சென்றது.

பின்னர்ச் சிரம்பான் நகரம் விரிந்தது. கித்தா மரங்கள் சாய்ந்தன. சில இடங்களில் செம்பனை வந்தது, சில இடங்களில் நேரே வீடுகள் எழுந்தன. லயங்கள் காலியாயின. சேமநிதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்து, மீதியைப் பிள்ளைகள் வங்கிக் கடனாக அடைக்க, சிறு தரைவீடுகளில் குடியேறிய குடும்பங்கள் உண்டு. புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டி ஒதுங்கியோரும் உண்டு. புதிய வீட்டின் முன்னறையில் தாத்தாவுக்கு ஒரு கட்டில் போடப்பட்டது. பெரட்டுக்கு அழைப்பார் இல்லாதபோதும், விடியற்காலை நான்கு மணிக்கு அவர் எழுந்து உட்கார்ந்துகொண்டார்.