ரொம்ப

பொருள்: மிக, மிகுதியாக, அளவுக்கு மேல். பேச்சு வழக்கு.

'நிரம்ப' என்ற வினையெச்சமே நாவில் தேய்ந்து 'ரொம்ப' ஆனது. ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பது இலக்கண விதி. ஆனால் பேச்சு அதை மீறும்; இரண்டு 'ரெண்டு' ஆனதுபோல, இதிலும் முதலெழுத்தை விழுங்கியது பேச்சுதான்.

குடுமியான்மலைப் பக்கம் மழைக்குப் பிறகு "கண்மாய் ரொம்பிருச்சு" என்பார்கள். அங்கே அது வினை. அவ்வூர்ச் சிகாநாதர் கோயில் மண்டபச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு "ரொம்பப் பெருசு" என்றால் அடைமொழி. ஒரே வேர்தான். அளவு முட்ட நிறைவதே மிகுதி என்ற எண்ணம் இரண்டிலும் இருக்கிறது.

"ரொம்ப நல்லவர்" என்பது பாராட்டு. "ரொம்பப் பேசாதே" என்பது கண்டிப்பு. வரம்பைத் தாண்டுவதையும் இச்சொல் குறிக்கும்.

பழந்தமிழில் இந்த வேலையைச் செய்தவை உறு, தவ, நனி. தொல்காப்பிய உரியியல் மூன்றுக்கும் மிகுதி என்றே பொருள் சொல்கிறது. நன்னூல் சால, கூர், கழி ஆகியவற்றையும் சேர்க்கிறது. 'சால' தெலுங்கில் 'சாலா' என்று இன்றும் அன்றாடப் பேச்சில் வாழ்கிறது. வேறு பொருளுள்ள சொற்களும் மிகுதியைக் குறிக்க வருவதுண்டு. யாழ்ப்பாணத்தில் "சரியான வெயில்" என்றால் கடும் வெயில். ஆங்கில 'வெரி'யும் 'உண்மையான' என்ற பொருளில் பிறந்ததே.

கட்டுரையில் 'மிக' எழுதலாம். உரையாடலில் 'ரொம்ப'வைத் தயங்காமல் எழுதுங்கள். அது கொச்சை அல்ல, நல்ல தமிழ் வேர் உள்ள சொல்.